வசனமே இல்லாத சிப்பாய்

மூன்று வருடங்களுக்கு முன், தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை. அன்னூர் பக்கம் எங்கள் கோயில் மைதானத்தில் திருவிழா நாடகத்துக்கு ஒத்திகை. வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து, எதிரிகளிடம் பிடிபட்டு, விசுவாசத்தை மறுதலிக்காததால் வெயிலில் கட்டிவைக்கப்பட்டு உயிரைவிட்ட இளம் சிப்பாயின் கதை. எங்கள் பங்குச் சபை மக்கள் அவனை வேதசாட்சியாகவே நினைக்கிறோம். கதை, வசனம், இயக்கம், எதிரித் தளபதி வேஷம் எல்லாம் நானே. பள்ளிக்கூட வாத்தியார் கையில் ஒரு நாடகம் கிடைத்தால் கேட்கவா வேண்டும்!

சிப்பாயாக நடித்தவன் மோட்டார் பட்டறையில் லேத் ஓட்டும் இருபத்திரண்டு வயது இளைஞன். நான் கிழித்த கோட்டைத் தாண்டாதவன். அவனுக்கு வசனமே கிடையாது. நான் எவ்வளவு கத்தினாலும் அவன் வாயைத் திறக்கக் கூடாது, அதுதான் நடிப்பு என்று சொல்லி வைத்திருந்தேன்.

மணி பன்னிரண்டரை. டவுன்ஹால் பக்கம் வாடகைக்கு எடுத்த கம்பளிக் கோட்டை மாட்டிவிட்டு, அவனைக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டி, முக்கால் மணி நேரம் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்தேன். தவக்காலம் என்று அவன் காலையிலிருந்து எதுவும் சாப்பிடாமல் ஒருசந்தி இருந்தது எனக்குத் தெரியும். சாகிற காட்சிக்கு வாடின முகம் பொருத்தம் என்றுகூட நினைத்தேன். இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

காட்சிப்படி, தளபதி அவன் கண்ணெதிரே ஒரு செம்புத் தண்ணீரைத் தரையில் கொட்ட வேண்டும். செம்பைத் தூக்கியபோது அவன் உதடு அசைந்தது.

"தண்ணிங்க சார்..."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உனக்குத்தான் வசனமே இல்லையே, எதுக்கப்பா பேசறே?" என்று அதட்டிவிட்டுச் செம்பைக் கவிழ்த்தேன். அவன் தலை தொங்கியது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். திருவிழா அன்றும் இதேபோல் செய்ய வேண்டும் என்று நான் பாராட்டு வேறு வழங்கினேன்.

மைதானத்தை ஒட்டிய தோட்டத்தில், வேப்ப மரத்தடியில் சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா எழுந்து ஓடிவந்தார். முன்பின் பார்த்ததில்லை.

"ஏனுங்க, நெழல்ல உக்காந்த எங்களுக்கே வேர்த்து ஊத்துது. அந்தப் பையன் மூஞ்சில ஒரு சொட்டு வேர்வை இல்லீங்களே!"

கன்னத்தைத் தொட்டேன். சுட்டது. கூப்பிட்டேன், கண் திறக்கவில்லை. முடிச்சை அவிழ்க்கப் போனேன், இறுகிப்போயிருந்தது. அந்த அம்மா என்னைத் தள்ளிவிட்டு அரிவாளால் கயிற்றை அறுத்தார், கோட்டைக் கழற்றினார். நான் பதறிப்போய் அவன் வாயில் தண்ணீர் ஊற்றப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"நெனப்பில்லாதவனுக்கு ஊத்துனா பொரையேறி மூச்சு நின்னுபோயிருங்க. மேலுக்கு ஊத்துங்க!"

குடம் குடமாக ஊற்றி, ஈரத்துணியைச் சுற்றி ஆட்டோவில் ஏற்றினோம். ஆஸ்பத்திரி போகும்வரை அவன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் பத்து நிமிடம் அப்படியே விட்டிருந்தால் எதுவும் சொல்லியிருக்க முடியாது என்றார் டாக்டர்.

சாயங்காலம் கண் விழித்தான். என்னைப் பார்த்ததும், "மன்னிச்சுக்கோங்க சார், தாங்க முடியாம பேசிப்போட்டேன்" என்றான். வார்டு என்றும் பார்க்காமல் அழுதேன்.

அந்தச் சிப்பாயைக் கொன்றவர்களும் என்னைப் போலவே, தங்கள் வேலையைச் சரியாகச் செய்வதாகத்தான் நினைத்திருப்பார்கள் என்று தோன்றும்போதெல்லாம் இன்றும் நான் கவிழ்த்த அந்தச் செம்புதான் என் கண்முன் வருகிறது.