பகல் நேர ஓட்டுநர்

என் கணவர் திருமூர்த்திக்கு இரண்டு வேலை. ஒன்று மருந்து கம்பெனியில் சாஃப்ட்வேர். இன்னொன்று, அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் பிஸ்கட்டவே ஊரில் தீயணைப்பு வண்டி ஓட்டுவது. அதற்குச் சம்பளம் கிடையாது. எங்கள் நிலையத்தில் எல்லாருமே தொண்டர்கள்தான். எலக்ட்ரீஷியன், வாத்தியார், கடைக்காரர் என்று ஆளுக்கொரு பிழைப்பு. இடுப்பில் பேஜர் அலறினால் போட்டது போட்டபடி ஓடுவார்கள்.

ராத்திரி என்றால் இருபது பேர் வந்து நிற்பார்கள். பகலில்தான் ஆள் பஞ்சம். வண்டி ஓட்டப் பயிற்சி முடித்தவர்கள் பகலில் இரண்டே பேர். ஒருவர் பிளம்பர் டோனி. இன்னொருவர், வீட்டிலிருந்து வேலை பார்க்கும் செவ்வாய், வியாழனில் இவர். ஓட்ட ஆள் வராவிட்டால் வண்டி ஷெட்டை விட்டு நகராது.

ஆறு வருஷமாக மீட்டிங்கைப் பாதியில் விட்டுவிட்டு ஓடியவரை மேனேஜர் சிவராமகிருஷ்ணனும் பொறுத்துத்தான் பார்த்தார். போன மார்ச்சில் அவர் பொறுமையும் தீர்ந்தது. "திரு, அடுத்த ரிலீஸ் அன்னைக்கு நீங்க எழுந்து போனீங்கன்னா என்னால உங்களை சேவ் பண்ண முடியாது" என்றார். நாங்கள் கிரீன் கார்டு வரிசையில் பதினோரு வருஷமாக நிற்கிறோம். வேலை போனால் அறுபது நாளுக்குள் வேறு வேலை தேட வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும். மகள் தீக்ஷா ஹைஸ்கூலில் படிக்கிறாள்.

புது சாஃப்ட்வேரை வெளியிடும் அந்த ரிலீஸ் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. பதினொன்றரை மணிக்குப் பேஜர் அலறியது. நம் ஆட்கள் நிறைந்திருக்கும் அபார்ட்மெண்ட்டில் ஸ்மோக் அலாரம். அங்கிருந்து வாரம் ஒரு அழைப்பாவது வரும். போய்ப் பார்த்தால் கடுகு தாளித்திருப்பார்கள், இல்லை சாம்பிராணி போட்டிருப்பார்கள். இவரே வந்து சொல்லிச் சிரிப்பார்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்தார். நான் போய்க் கதவை மறித்து நின்றேன்.

"டோனி லீவுல இருக்கான் யாமினி. நான் போகலைன்னா வண்டி கிளம்பாது."

"கிளம்பாட்டி போகட்டும்! எவளோ மிளகாய் வறுத்ததுக்கு நீங்க வேலையை விடணுமா? தனக்கு மிஞ்சித்தாங்க தானமும் தர்மமும். உங்க பொண்ணைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க!"

எனக்கு வாய் நீளம். அவருக்கு எதிர்த்துப் பேச வராது. திரும்பிப் போய் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார். நான் நிம்மதியாகப் போய்க் காபி போட்டேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது.

மத்தியானம் செய்தி வந்தது. எரிந்தது நாகமணியின் வீடு. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் என்னோடு பாடம் நடத்தும் பெண். அப்பளம் பொரிக்க வைத்த எண்ணெயில் தீப்பிடித்துவிட்டது. போன் சமையலறையில் மாட்டிக்கொண்டது. அலாரம் அடிக்கிறதே, நாலு நிமிஷத்தில் வண்டி வந்துவிடும் என்று நம்பிக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பக்கத்து ஊர் வண்டி வந்து சேரப் பதினைந்து நிமிஷம் ஆயிற்று. அதுவரை புகையைத் தாங்க முடியாமல் அவள் தீக்குள்ளேயே ஓடி வெளியே வந்தாள். இரண்டு கைகளும் வெந்துவிட்டன.

ரிலீஸ் நல்லபடியாக முடிந்தது. சிவராமகிருஷ்ணன் பாராட்டி மெயில் அனுப்பினார். இவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு திட்டுத் திட்டியிருந்தாலாவது தேவலை என்று இருந்தது.

மூன்று வாரம் கழித்து நாகமணி ஆஸ்பத்திரியிலிருந்து தங்கை வீட்டுக்கு வந்தாள். ரசம் சாதம் எடுத்துக்கொண்டு போனேன். முழங்கை வரை கட்டு. நான்தான் ஊட்டினேன்.

"நேத்து திரு அண்ணா வந்திருந்தாருக்கா" என்றாள். "ஆபீஸ்ல மாட்டிக்கிட்டேன், என் தப்புதாம்மான்னு ஒரே அழுகை. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கலைன்னு அவர்கிட்ட சொல்லுங்கக்கா. பாவம், அவருக்கு என்ன நெருக்கடியோ."

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தேன்.

"அவர் தப்பில்ல நாகமணி. அவர் கிளம்பிட்டாரு. கதவை மறிச்சு நின்னவ நான்தான்."

நான் அடுத்த கவளத்தை நீட்டினேன். அவள் வாயைத் திறக்கவில்லை.