லென்ஸ் அப்படித்தான்

என் நிச்சயதார்த்த ஆல்பத்தின் நடுப்பக்கத்தைத் திறந்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. பாபநாசம் பக்கத்தில் எங்கள் வீட்டுச் சின்னக் கூடம். நடுவில் மாப்பிள்ளை வீட்டார், பட்டும் சிரிப்புமாக. இடது ஓரத்தில் வரிசைத் தட்டோடு என் அம்மா. அன்றைக்கென்றே வாங்கிய அரக்குச் சேலை. தலை பக்கவாட்டில் இழுபட்டு, கன்னம் வீங்கி, தோள் கதவு அகலத்துக்குக் கிடக்கிறது.

எடுத்தவர் என் கணவரின் அண்ணன். நீடாமங்கலத்தில் ஸ்டூடியோ வைத்திருப்பவர். “சம்பந்தியம்மா, நீங்க அந்த ஓரமா நில்லுங்க. ஒய்டு லென்ஸு, எல்லாரையும் கவர் பண்ணிடும்” என்றார். நடவு வேலைக்குப் போய் என்னை வளர்த்தவள், சொன்ன இடத்தில் நின்றாள். மறு ஓரத்தில் நின்ற தன் அம்மாவை மட்டும் அவர் கையைப் பிடித்து நடுவுக்கு இழுத்தார். “ஓரத்துல நின்னா மூஞ்சி இழுத்துடும்மா, உள்ள வா.” தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். மனிதருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

ஆல்பம் வந்த அன்று வீடே சிரித்தது. பூசணிக்காய் என்றுகூட ஒருவர் சொன்னார். படம் எடுத்தவரிடம் ஏன் இப்படி என்று நான் கேட்டதற்கு, “லென்ஸ் அப்படித்தாம்மா. அதுக்கு நாம என்ன பண்றது?” என்றார். அம்மாவும் கூடச் சிரித்தாள், ஆல்பத்தை மூடிவைத்தாள். அதன்பின் கேமராவைக் கண்டால் அடுப்படிக்குள் போய்விடுவாள். என் வளைகாப்பு, மகனின் காதுகுத்து, எந்தப் படத்திலும் அவள் இல்லை. அம்மாவுக்கென்று ஒரு நல்ல முகம் எங்கள் வீட்டில் இல்லாமலே போய்விடுமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

இப்போது நானும் படமெடுக்கிறேன். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தது தான்தான் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறார். சுத்தப் பொய். அவர் ஸ்டூடியோவில் ஆல்பம் வடிவமைக்க உட்கார்ந்து, அவர் கெடுத்துவைத்த முகங்களைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். கேமராவை மேலோ கீழோ சாய்த்தால் தூண்கள் சாயும். மட்டமாகப் பிடிக்க வேண்டும். யார் மூக்குக்கும் கிட்டே கொண்டுபோகக் கூடாது. ஓரங்களை நாற்காலிக்கும் திரைச்சீலைக்கும் விட்டுவிட வேண்டும், மனிதருக்கு அல்ல. சின்ன அறையையும் முழுசாக வாங்கிக்கொள்கிற நல்ல லென்ஸ் அது. பழியைத் தூக்கி அதன்மேல் போட்டுவிட்டார்.

போன தை மாதம் அவருடைய மகளுக்கு நிச்சயம், அவர் வீட்டுக் கூடத்தில். வீட்டிலேயே ஆள் இருக்கிறதே என்று என்னையே எடுக்கச் சொன்னார்கள். அம்மா என் கையில் கேமராவைப் பார்த்ததுமே அடுப்படி வாசலுக்கு நகர்ந்துவிட்டாள். நான் எதிர்ச்சுவரோடு ஒட்டி நின்று, கேமராவை நெஞ்சளவில் மட்டமாக வைத்து, அம்மாவுக்குத் தெரியாதபடி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். படத்தின் நடுவில் அந்த வாசல். கல்யாணப்பெண் ஏதோ சொல்ல, அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அழுத்தப் போகும் நேரத்தில் அவர் வந்து எனக்குச் சற்று முன்னால், படத்தின் ஓரத்தில் விழும்படி பக்கச் சுவரோரம் நின்றார்.

“ஏம்மா, இங்க நின்னா நானும் விழுவேனா?”

“தாராளமா நில்லுங்க மாமா. எல்லாரையும் கவர் பண்ணிடும்.”

அதையே நடுப்பக்கமாக வைத்தேன். ஆல்பத்தைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிப்போயிற்று. “என்னம்மா, என் தலை இப்படி இழுத்துக் கிடக்கு? வேற படம் வச்சுடு” என்றார்.

“லென்ஸ் அப்படித்தான் மாமா. அதுக்கு நாம என்ன பண்றது?”

அம்மா அந்தப் பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். ஓரத்தில் இழுபட்டுக் கிடந்த அவரை அவள் கவனிக்கவே இல்லை.

“நான் நல்லாத்தான்டி இருக்கேன்” என்றாள்.

இத்தனை வருஷமும் தன் முகமே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பழைய ஆல்பத்தை அவள் இன்னும் திறப்பதில்லை. நான்தான் அவ்வப்போது எடுத்துப் பார்க்கிறேன், கோபம் ஆறிவிடக் கூடாதே என்று.