அதே முடிச்சு

கயிற்றில் தொங்கியபடி மாடிக் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர் அவர். பதினெட்டு வருஷமாக அதுதான் சோறு போடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை டிவியில் பழைய கறுப்பு வெள்ளை ஆவணப்படம். எவனோ ஒரு மீசைக்காரன் செங்குத்தான பனிமலையில் ஏறிக்கொண்டிருந்தான். அவன் கால் வழுக்கும்போதெல்லாம் மனைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இவருக்கு வயிறு எரிந்தது. தனக்காக ஒரு நாளாவது இவள் இப்படிப் பதறியிருக்கிறாளா?

"விழுந்துடுவானாங்க?" என்றாள் மனைவி.

அவன் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றின் முடிச்சு அவிழாது என்று அவருக்குத் தெரியும். தினமும் அவர் போடுவதுதான்.

"விழுவான்," என்றார்.

விழவில்லை. உச்சியில் நின்று கையசைத்தான். அவள் கைதட்டினாள்.

"நானும் அதே முடிச்சுலதான்டி பதினாலாவது மாடியில தொங்குறேன்."

அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்கதான் சாயங்காலமானா வந்துடுறீங்களே."