வீரய்யா கேலி செய்யாத செய்தி

வீரய்யா சொல்லும் எந்தச் செய்தியையும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் யாரும் நம்புவதில்லை. அதற்காக அவரைப் பொய்யர் என்று நினைத்துவிட வேண்டாம். பொய் சொல்லும் சாமர்த்தியமெல்லாம் அந்த மனுஷனுக்குக் கிடையாது. உலகத்தின் எந்த மூலையில் எந்த விஞ்ஞானி எதைக் கண்டுபிடித்தாலும், அது வீரய்யாவின் வாய்க்குள் ஒருதரம் போய் வெளியே வந்தால் விஞ்ஞானம் எல்லாம் உதிர்ந்து சிரிப்பு மட்டும்தான் மிஞ்சும். அவ்வளவுதான் விஷயம்.

அவருக்கு வேலை கொழுந்து நிறுக்கும் மடுவத்தில். பெண்கள் பறித்துக்கொண்டுவரும் கொழுந்தைத் தராசில் நிறுத்து முடித்ததும் சாக்கைத் தூக்கி லொறியில் ஏற்ற வேண்டும். அக்கரப்பத்தனைப் பக்கத்து ரோட்டில் லொறி சொன்ன நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரமே இல்லை. அது வரும்வரை எல்லோரும் மடுவத்துத் தகரக் கூரையின் கீழே ஈரச் சேலையோடு, காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கி எறிந்துகொண்டு நிற்பார்கள். நிறுவை பதியும் கணக்கப்பிள்ளை இக்னேசியஸ் அந்த நேரத்தில் போனைத் திறந்து ஏதாவது செய்தி வாசிப்பான். வாசித்துவிட்டு, "வீரய்யாண்ணே, இதுக்கு என்ன சொல்றீங்க?" என்பான். நாளாக ஆக அது அங்கே வழக்கமாகிவிட்டது.

"நெலாவுல தண்ணி இருக்காம்ணே."

"இருக்கும், இருக்கும். நம்ம லயத்துப் பீலியில ஒரு கெழமையா தண்ணியக் காணல. அங்கதான் போயிருக்கு."

டிரைவர் இல்லாமல் தானே ஓடும் கார் வந்துவிட்டதாம். "நம்ம ரோட்டுக்கு அனுப்பச் சொல்லு தம்பி. ரெண்டாவது வளைவுலயே கார் எறங்கி நடந்து போயிரும்."

ஒருநாள் கொழுந்து பறிக்கும் மெஷின் ஒன்றைப் பற்றி இக்னேசியஸ் வாசித்தான். இருபது பெண் செய்யும் வேலையை அது ஒன்றே செய்துவிடுமாம். எல்லோருடைய முகமும் செத்துப்போனது. வீரய்யா மட்டும் சாக்கின் மேல் சாவகாசமாக உட்கார்ந்தார்.

"வரட்டுமே. மெஷினுக்கு வவுறு இல்ல, சோறு வேணாம். கால் இல்ல, அட்டை கடிக்காது. எல்லாம் சரிதான். ஆனா காலையில எந்திரிச்சதும் தொரை யார ஏசுவாரு? மெஷின ஏசுனா அவருக்கு ருசிக்குமா?"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வயிற்றுக்குள் இருந்த பயத்துக்கு வேறு மருந்து அவர்களுக்கு யார் கொடுத்தார்கள்?

மாலையில் லயத்து வீட்டுக்குத் திரும்பியதும் அதே கூத்து மறுபடியும் நடக்கும். இந்தத் தரம் பார்க்க ஒரே ஆள்தான், மனைவி ஜீவராணி. ரத்தத்தில் சீனி கூடும் வருத்தம் அவளை வருஷக்கணக்காக அரித்து, கடைசியில் இரண்டு கிட்னியையும் தின்றுவிட்டது. கிழமைக்கு இரண்டு தரம், திங்களும் வியாழனும், டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய், மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். விடிவதற்கு முன்னால் பஸ் பிடிக்க வேண்டும். வளைவுக்கு வளைவு வாந்தி. திரும்பி வந்தால் மறுநாள் முழுக்கக் கம்பளிக்குள் சுருண்டு கிடப்பாள். கொழுந்து பறிக்க மலையில் முதல் ஆளாக நிரை பிடித்தவள், இப்போது குடிக்கிற தண்ணீரைக்கூட அளந்து குடித்துக்கொண்டு, கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"என்னாங்க, இன்னைக்கு என்னத்த கண்டுபிடிச்சாங்களாம்?" என்று அவளே ஆரம்பிப்பாள்.

அவர் சொல்வார். மடுவத்தில் சொன்னதைவிட இங்கே கை காலெல்லாம் ஆட்டி இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்வார். அவள் சிரித்து, மூச்சு வாங்கி, "போதும்ங்க, நெஞ்சு வலிக்குது" என்று கையெடுத்துக் கும்பிடும்வரை விடமாட்டார். அந்தச் சிரிப்பில்தான் அந்த மனுஷன் உயிரோடு இருந்தார் என்று சொன்னால் அது மிகையில்லை.

கிட்னி ஒன்று கிடைத்தால் பிழைக்கலாம் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார்கள். வீரய்யா சட்டையைக் கழற்றிக்கொண்டு நின்றார். அவருக்கே சீனியும் பிரஷரும் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வட்டவளையில் கட்டிக்கொடுத்த மகள் வினோதா, "நான் தாரேன்மா" என்று ஓடிவந்தாள். ஜீவராணி அவளைக் கிட்டே விடவில்லை.

"ரெண்டு பச்சப் புள்ளைங்கள வச்சிருக்கிறவள அறுத்துப்போட்டு நான் வாழணுமாக்கும்? இன்னொருக்கா அந்தப் பேச்சு பேசுன, இந்த வாசப்படி மிதிக்காத."

அத்தோடு அந்தக் கதவு சாத்திக்கொண்டது.

போன மாதம் டொக்டர் வீரய்யாவை மட்டும் தனியே கூப்பிட்டார். அவருக்கு விளங்கட்டும் என்று சிங்களத்தில் மெல்ல மெல்லச் சொன்னார். இருதயம் பலவீனமாகிவிட்டது. மெஷினை நிறுத்தினால் சில நாள்தான். நிறுத்தாவிட்டாலும் நீண்டகாலம் எதிர்பார்க்க வேண்டாம். வீரய்யா தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். பெஞ்சில் காத்திருந்த ஜீவராணி, "அவ்வளவு நேரமா டொக்டர் என்னாங்க பேசுனாரு?" என்று கேட்டாள்.

"அவருக்கு வீட்டுல சண்டையாம் புள்ள. காலையில தேத்தண்ணிகூட குடுக்கலயாம். எங்கிட்ட வந்து பொலம்புறாரு."

அவள் சிரித்தாள். இவருக்கு மனசு குளிர்ந்துபோனது. பாவி மனுஷன், அதோடு அந்த விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

எங்கே முடிந்தது? தீபாவளி கழிந்த கிழமை ஜீவராணி, "இனி நான் வரல. போதும்" என்று சொல்லிவிட்டாள். அழவில்லை, கத்தவில்லை. மார்க்கெட்டுக்கு வரவில்லை என்று சொல்வது மாதிரித்தான் சொன்னாள். வீரய்யா கெஞ்சினார். வினோதாவைக் கொண்டு போனில் ஏசவைத்தார். ஒருதரம் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போனார். அடுத்த தரம் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள், பஸ் போகும்வரை இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு நாளில் கால் வீங்கி, மூச்சு இழுக்கத் தொடங்கியது. வருகிற திங்கட்கிழமையும் அவள் போகாவிட்டால் என்ன ஆகும் என்பது வீரய்யா ஒருவருக்குத்தான் தெரியும். அதை வைத்துக்கொண்டுதான் அவர் சனிக்கிழமை வேலைக்குப் போனார்.

அன்றைக்கும் லொறி பிந்தியது. இக்னேசியஸ் போனைத் திறந்தான்.

"அமெரிக்காவுல பன்னியோட கிட்னிய மனுஷனுக்கு வச்சிருக்காங்களாம்ணே. ஆளு எந்திரிச்சு நடமாடுறாராம்."

இதில் ஒரு விஷயம். அந்தக் கிழமைதான் காட்டுப்பன்றிகள் இறங்கி, லயத்துக்குப் பின்னால் இருந்த மரக்கறித் தோட்டம் முழுவதையும் உழுதுபோட்டிருந்தன. பன்றி என்ற சொல்லைக் கேட்டாலே எல்லோருக்கும் எரிச்சல். எல்லாத் தலையும் வீரய்யா பக்கம் திரும்பியது.

வாய் பழகிப்போன வாய். நிற்குமா?

"நடமாடுறதோட நிறுத்திக்கச் சொல்லு. வெள்ளன எந்திரிச்சுப் போயி அடுத்த வீட்டு உருளைக்கெழங்குப் பாத்திய கிளறாம இருந்தா சரி. பொஞ்சாதி பாவம், வேலிக்கு வெளிய கட்டிப்போட்டுட்டுத்தான் படுக்கணும்."

தகரமே அதிர்ந்தது. ஒருத்தி சிரிப்புத் தாங்காமல் கூடையோடு கீழே உட்கார்ந்துவிட்டாள். அந்த ஆரவாரத்துக்குள் லொறியும் வந்தது. வீரய்யா சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு நாலு எட்டு நடந்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சாக்கை அப்படியே சேற்றில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, அத இன்னொருக்கா வாசி."

"எத?"

"அந்தப் பன்னி சேதிய. அது நெசமா?"

மடுவம் மறுபடி சிரித்தது. "நெசமாத்தான் கேக்குறேன்" என்றார். இன்னும் சிரித்தார்கள். "ஆளுக்கு மூஞ்சியப் பாரு, என்னமா வச்சிருக்காரு!" என்றாள் ஒருத்தி. இக்னேசியஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "விடுங்கண்ணே, இதுக்கு மேல சிரிக்க ஏலாது" என்று போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டான். இத்தனை வருஷமாகச் சிரிக்கவைத்த சனத்தை ஒரு நிமிஷம் சிரிக்காமல் நிற்கவைக்க அவரால் முடியவில்லை. அன்றைக்குத்தான் அவருக்கு அவருடைய வாயின் மீதே ஆத்திரம் வந்தது.

அன்று மாலை ஜீவராணி வழக்கம்போல, "இன்னைக்கு என்னத்த கண்டுபிடிச்சாங்களாம்?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல புள்ள, போன்ல சார்ஜ் இல்லயாம்" என்று சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் ஐயாவின் குவாட்டர்ஸ் வாசலில் போய் நின்றார். ஐயாவும் முதலில் சிரிக்கத்தான் செய்தார். "பன்னிய புடிச்சிட்டியா வீரய்யா? சொல்லு, சொல்லு." பிறகு வீரய்யாவின் முகத்தைப் பார்த்தார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"சேதி நெசம்தான். ஆனா இன்னும் சோதிச்சுப் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. வச்சதுல சில பேரு மாசக்கணக்கா இருந்திருக்காங்க, சில பேரு போய்ட்டாங்க. அது இந்தப் பக்கம் வர்றதுக்குள்ள நீயும் நானும் இருப்பமோ என்னமோ."

"ஆனா நெசம்?"

"நெசம்தான்."

அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வீரய்யா மலை ஏறினார். மிச்சத்தை ஐயாவின் வாசலிலேயே போட்டுவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை விடியற்காலை, கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தினார். ஜீவராணி விழித்துத்தான் இருந்தாள்.

"ராணி, ஒரு சேதி இருக்கு. அமெரிக்காவுல பன்னியோட கிட்னிய மனுஷனுக்கு வச்சு, அந்த மனுஷன் பொழச்சிருக்கான். நெசம். டிஸ்பென்சரி ஐயாகிட்ட கேட்டுட்டேன். யாரையும் அறுக்க வேணாம். நம்ம புள்ளைய அறுக்க வேணாம். கொஞ்ச காலம் தாக்குப்புடிச்சிட்டா போதும், இங்கயும் வந்துரும்."

கையை ஆட்டவில்லை. குரலை மாற்றவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்பிப்பது போல ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நிறுத்தினார். ஜீவராணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை.

"நமக்கும் கெடைக்குமாங்க?"

"கெடைக்கும் புள்ள."

அவள் மெல்லக் காலைக் கீழே வைத்தாள். "அந்த ஸ்வெட்டர எடுங்க" என்றாள்.

அன்றைக்கு பஸ்ஸில் வீரய்யாவுக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அவள் வாந்தி எடுத்தபோதுகூடப் பையைப் பிடித்துக்கொண்டு, மெஷினில் நாலு மணித்தியாலம், இன்னும் நாலு மணித்தியாலம், இப்படியே ஓட்டிவிடலாம் என்று கணக்குப்போட்டார். பெயர் தெரியாத அந்த அமெரிக்க விஞ்ஞானியை, அவன் பிள்ளைகுட்டியோடு நன்றாக இருக்க வேண்டும் என்று மனசார வாழ்த்தினார். விஞ்ஞானி ஒருவனை அவர் வாழ்த்தியது அதுதான் முதல் தடவை.

மெஷினில் படுத்து எழுந்து, பின்னேர பஸ்ஸில் திரும்பினார்கள். வெளியே பனிமூட்டம் இறங்கி, தேயிலை தெரியவில்லை. ஜீவராணி அவர் தோளில் சாய்ந்திருந்தாள்.

"என்னாங்க."

"ம்."

"அன்னைக்கு டொக்டர் ஒங்ககிட்ட என்ன சொன்னாரு?"

"எந்த டொக்டர்?"

"வீட்டுல சண்டைன்னீங்களே, அவருதான்."

வீரய்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இப்ப எதுக்கு புள்ள அதெல்லாம்?"

"பன்னி கதை எனக்கு சனிக்கெழமையே தெரியும்" என்றாள் அவள். "நீங்க வாரதுக்கு முந்தியே லயத்துல பக்கத்துக் காம்பரா சுலக்ஷனா ஓடியாந்து சொல்லிட்டா. கெடந்து சிரிச்சேன். நீங்க வந்து ஒங்க வாயால சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க வாயே தொறக்கல."

வீரய்யா ஜன்னல் கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்தார்.

"என்னைய கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து, கேலி இல்லாம ஒரு சேதி சொல்லியிருக்கீங்களா? எங்கப்பா செத்த சேதியக்கூட, ஏதோ சொல்லி என்னைய சிரிக்க வச்சிட்டுத்தானே சொன்னீங்க. நீங்க கேலி பண்ணிக்கிட்டு இருக்கிற வரைக்கும் எனக்கு பயமே இல்லீங்க. இன்னைக்கு ஒரு பன்னிய கையில வச்சிக்கிட்டு ஒங்களால ஒரு கேலி பண்ண முடியல. அப்பவே எனக்கு வெளங்கிருச்சு."

வீரய்யா சொன்னார். இருதயத்தைப் பற்றி, டொக்டர் சொன்ன நாள் கணக்கைப் பற்றி, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். சொல்லும்போது உதடு கோணிக்கொண்டு போனது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்ததும் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"எல்லாம் வெளங்கியும் ஏன் புள்ள இன்னைக்கு வந்த?"

"அவ்வளவு ஆசையா சொன்னீங்க. மாட்டேன்னு சொல்ல மனசு வரல."

அவள் மறுபடி அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். "வியாழக்கெழமை என்னைய கூப்புடாதீங்க, என்னா? கூப்புட்டா நான் வந்துருவேன். அதுனாலதான் சொல்றேன்."

பஸ் இரண்டு மூன்று வளைவு தாண்டியது. வீரய்யா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி புள்ள" என்றார்.

அவள் அவர் கையைப் பிடித்தபடியே கண்ணை மூடிக்கொண்டாள். தோட்டத்துச் சந்தி வந்ததும் கண்டக்டர் இடத்தின் பெயரைச் சொல்லிக் கத்தினான். அதற்குள் ஜீவராணி நன்றாகத் தூங்கிப்போயிருந்தாள். இறங்கவில்லையா என்று அவன் கேட்டான். பஸ் கடைசிவரை போய்த் திரும்பி வரும்போது இறங்குகிறோம், அவள் தூங்கட்டும் என்று வீரய்யா சொன்னார்.