மஃபினில் போட்ட முழுக் கடலை

எங்களுக்குத் தொண்டாமுத்தூர். இரண்டரை வயது மகன் கார்த்தி காலையில் இட்லியைக் கண்டாலே வாயை மூடிக்கொள்வான். கேபிள் டிவியில் மஃபின் என்ற குட்டிக் கேக் செய்வதைப் பார்த்துவிட்டு, மைதாவுக்குப் பதில் ராகி மாவு, வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை சேர்த்து எங்கள் வட்ட ஓவனில் செய்தேன். சத்தாக இருக்கட்டும் என்று வறுத்த நிலக்கடலையை முழுசாகவே போட்டுவிட்டேன்.

கார்த்தி ஆசையாகத் தின்றான். அவன் அப்பா வேடிக்கை காட்ட, வாய் நிறைய வைத்துக்கொண்டு கலகலவென்று சிரித்தான். சட்டென்று சிரிப்பு நின்றது. இருமவும் இல்லை, அழவும் இல்லை. உதடு நீலம் பாய்ந்தது. நான் போட்ட அலறலில் பக்கத்து வீட்டு சரோஜா அக்கா ஓடி வந்தார். அவர் நர்ஸ். பிள்ளையைத் தொடைமேல் தலைகீழாகக் கவிழ்த்து முதுகில் ஓங்கித் தட்டினார். கடலை தெறித்து விழ, வீறிட்டு அழுதான். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

உடனே டாக்டரிடம் காட்டினோம். பயமில்லை என்றார்.

"இனி இந்தப் பண்டமே வேண்டாங்கக்கா" என்றேன் வீட்டுக்கு வந்ததும்.

"ஏனுங்க அம்மணி, ராகி என்ன பாவம் பண்ணுச்சு? கடலையைப் பொடி பண்ணிப் போடுங்க. கண்ணு திங்கறப்ப சிரிக்க வெக்காதீங்க" என்றார் அக்கா.

இப்போது கடலையை மிக்ஸியில் நைசாகப் பொடித்துத்தான் சேர்க்கிறேன். கார்த்தியை உட்கார வைத்து, தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே இருக்கிறேன். நேற்று இரண்டு மஃபின் தின்றுவிட்டு, மூன்றாவதைச் சரோஜா அக்காவுக்குக் கொடுக்கக் கையில் பிடித்தபடி அவர் வீட்டுக்கு நடந்தான்.