படகோட்டி ஏன் பாடினான்?

சென்ற வாரம் ரெட்டியார்பாளையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ரேஷன் கார்டை நகலெடுக்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி, மெஷினிலிருந்து சூடாக வந்த தாள்களை வாங்கியதும் மூக்கருகே வைத்து முகர்ந்தாள். எட்டிப் பார்த்தேன். ஆங்கில மாதிரி வினாத்தாள். நான் பார்ப்பதைக் கண்டு வெட்கப்பட்டுத் தாள்களைப் பையில் திணித்துக்கொண்டு போய்விட்டாள். அவள் வெட்கப்பட்டிருக்க வேண்டாம். வினாத்தாளை முகர்ந்து பார்க்கும் வழக்கம் எனக்கும் உண்டு. நான் முகர்ந்த தாளின் வாசனைதான் வேறு.

சைக்ளோஸ்டைல் மெஷின் ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு? நீல மெழுகுத் தாளில் டைப் அடித்து, அதை உருளையில் மாட்டி, கைப்பிடியைச் சுற்ற வேண்டும். தப்பாக அடித்த எழுத்தை அழிக்கச் சிவப்புத் திரவம் ஒன்று இருக்கும். நகப்பூச்சு வாசனை அடிக்கும். மையோ மண்ணெண்ணெயும் தாரும் கலந்தது போல மணக்கும். அந்த மை ஒருமுறை புடவையில் பட்டால் புடவையின் கதை முடிந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே மூன்று புடவைகளைப் பாழாக்கினேன். "டீச்சர் வேலன்னு சொன்ன. பாத்தா மெக்கானிக் ஷாப்புல இருந்து வர்றாப்புல இருக்கு" என்றாள் அம்மா.

வில்லியனூருக்கு அப்பால் எங்கள் ஊர். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம், கரும்பும் நெல்லும். குடும்பத்தில் ஆங்கிலம் படித்துப் பட்டம் வாங்கியவள் நான்தான். படித்தேனே தவிர, பேச வராது. விழுப்புரம் சாலை பஸ்ஸில் கீரைக் கூடைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, தலைமையாசிரியையிடம் அன்று பேச வேண்டிய நான்கு வாக்கியங்களை மனசுக்குள் ஒத்திகை பார்ப்பேன். கூடைக்காரம்மாள் ஒருத்தி, நான் உதட்டை அசைப்பதைப் பார்த்துவிட்டு, எந்தக் கோயிலுக்கு வேண்டுதல் என்று கேட்டாள்.

பள்ளி அந்தச் சாலையோரமே இருந்த தனியார் ஆங்கிலப் பள்ளி. சேர்ந்த அன்றே என் அசல் சான்றிதழ்களை எல்லாம் வாங்கி அலுவலக இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். மூன்று வருடம் வேலை பார்த்தால்தான் திரும்பக் கிடைக்கும். அப்போது எல்லாப் பள்ளியிலும் அப்படித்தான் என்றார்கள். நானும் நம்பினேன். ஆறு மாதம் கழித்து அரசுப் பணிக்கு விண்ணப்பிக்க அசல் வேண்டுமென்று போய் நின்றபோதுதான் அந்தப் பூட்டின் அர்த்தம் புரிந்தது. தாளாளர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் அலுவலகத்தைக் கடக்கும்போதெல்லாம் பீரோவைத்தான் முதலில் பார்ப்பேன். என் பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டம் எல்லாம் அதற்குள்ளே மூச்சு முட்டிக் கிடப்பதாகத் தோன்றும்.

வேலை என்றால் தேர்வுதான். பாடம் நடத்தினேன் என்று சொன்னால் அது கொஞ்சம் மிகை. வெள்ளிக்கிழமை தோறும் இலக்கணத் தேர்வு. செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்று. ராமன் மாம்பழம் தின்றான். மாம்பழம் ராமனால் தின்னப்பட்டது. எங்கள் பள்ளியில் ராமன் தின்ற மாம்பழங்களை ஏற்றினால் இரண்டு லாரி வந்திருக்கும். அப்புறம் பத்தியைப் படித்து விடையளிக்கும் பகுதி. அதற்கு நானே ஒரு தந்திரம் சொல்லிக் கொடுத்தேன். பத்தியைப் படிக்காதே, கேள்வியைப் படி. கேள்வியில் உள்ள சொல் பத்தியில் எங்கே வருகிறதென்று தேடு. அந்த வரியை அப்படியே எடுத்து எழுது. பிள்ளைகள் கோழி புழு கொத்துவது போலக் கொத்தி எடுத்து முழு மதிப்பெண் வாங்கினார்கள். ஒருநாள் ஒரு பையனைக் கூப்பிட்டு, நீ எழுதியதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "அர்த்தமும் கேப்பாங்களா மிஸ்?" என்றான்.

இந்த ஏற்பாட்டுக்குள்தான் ஜோசெஃபின் வந்து விழுந்தாள். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தாள். அதுவரை நகரத்துக்குள் பிரெஞ்சு வழியில் படித்தவள். சொல்தா குடும்பம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை இங்கே சொல்தா என்றுதான் சொல்வோம். அவளுடைய தாத்தா அப்படி இருந்தவர். அப்பா பாரீஸில் வேலைக்குப் போனவர், இவர்களை அழைத்துக்கொள்வதாகச் சொன்னவர், பிறகு எந்தத் தகவலும் இல்லாமல் போய்விட்டார். அம்மா ரெட்டியார்பாளையத்தில் சின்ன வீடு பார்த்துக்கொண்டு, தையல் வேலைக்குப் போனார். பெண்ணைச் சேர்க்க வந்த அன்று என்னிடம், "அங்க போற வழி அடைஞ்சிப் போச்சு மிஸ். இனிமே பிரெஞ்சு வெச்சிக்கினு இன்னா பண்றது? இங்கிலீஷாவது வரட்டும்" என்றார்.

முதல் நாள் வழக்கம்போல வயதைச் சொல்லச் சொன்னேன். "ஐ ஹாவ் ஃபோர்ட்டீன் இயர்ஸ்" என்றாள். பதினான்கு வருடங்கள் வைத்திருக்கிறேன் என்கிறாள். வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பிரெஞ்சில் வயது, பசி, பயம் எல்லாவற்றையும் 'வைத்திருப்பதாக'த்தான் சொல்வார்களாம். பிறகு அவளே விளக்கினாள். வெள்ளிக்கிழமைத் தேர்வுகளில் அவள் தாளில் மாம்பழம் ராமனைத் தின்றது. ஆனால் அவள் மட்டும்தான் பத்தியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, விரலை வைத்துக்கொண்டு, நிதானமாகப் படித்தாள். மணி அடிக்கும்போது பாதித் தாள் காலியாக இருக்கும்.

ஆண்டின் கடைசியில் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. பள்ளி கீற்றுக் கொட்டகையாக இருந்த நாளிலிருந்து இருப்பவர். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்ட வேண்டும், அதனால் ஒன்பதாம் வகுப்பின் ஆண்டுத் தேர்வில் ஆங்கிலத்தில் தேறாதவர்களுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுவதென்று தாளாளர் முடிவு செய்திருப்பதாகச் சொன்னார். வினாத்தாளும் விடைக்குறிப்பும் பழைய கையேடு ஒன்றிலிருந்து அவரே எடுத்துக் கொடுத்தார். டைப் அடித்து உருட்டுவது என் பொறுப்பு.

அன்று மதியம் அந்தச் சின்ன அறையில் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, ஒவ்வொரு தாளாக வெளியே விழுந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆங்கிலத்தில் தவறினால் ஜோசெஃபினை எந்த ஆங்கிலப் பள்ளியும் பத்தாம் வகுப்பில் சேர்க்காது. தமிழ் வழிக்கும் போக முடியாது. தமிழ் பேசுவாளே தவிர எழுதவே வராது. நின்றுவிடுவாள், அவ்வளவுதான். அவளுக்கு எதிராக நானே தாள் அச்சடிக்கிறேன் என்பது போல இருந்தது. விட்டுவிட்டு வெளியே நடக்கலாம். ஆனால் எங்கே நடப்பது? பீரோ பூட்டித்தானே இருக்கிறது.

அந்தத் தேர்வின் பத்தி ஒரு படகோட்டியைப் பற்றியது. ஆற்றில் வெள்ளம். காய்ச்சலில் கிடக்கும் மகனைப் படகில் ஏற்றி அக்கரை வைத்தியரிடம் கொண்டு போகிறான். வழியெல்லாம் உரக்கப் பாடிக்கொண்டே துடுப்புப் போடுகிறான். படகோட்டி ஏன் பாடினான் என்பது கேள்வி. பத்தியின் முதல் வரியிலேயே அவன் உற்சாகமான ஆள் என்று இருந்தது. விடைக்குறிப்பும் அதுதான்: அவன் உற்சாகமானவன், அதனால் பாடினான். வகுப்பு முழுவதும் அந்த வரியைக் கொத்தி எடுத்து எழுதியிருந்தது.

ஜோசெஃபின் வேறு எழுதியிருந்தாள். "ஹி ஹாஸ் ஃபியர். தி சைல்ட் ஆல்ஸோ ஹாஸ் ஃபியர். ஹி சிங்ஸ் ஃபார் தி சைல்ட் டஸ் நாட் ஹியர் தி வாட்டர்." அவனுக்குப் பயம். பிள்ளைக்கும் பயம். தண்ணீரின் சத்தம் பிள்ளைக்குக் கேட்கக் கூடாதென்று பாடுகிறான்.

எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. கையேடு எழுதியவருக்குத் தெரியாதது, தலைமையாசிரியைக்குத் தெரியாதது, டைப் அடித்த எனக்கும் தெரியாதது. ஆங்கில வழக்குப்படி அந்த மூன்று வாக்கியத்தில் ஒன்றுகூட உருப்படி இல்லை. முழு மதிப்பெண் போட்டேன். அதைச் சேர்த்தால்தான் அவள் தேறுகிறாள் என்பது கூட்டிப் பார்த்தபோது தெரிந்தது.

தாள்களைச் சரிபார்த்த தலைமையாசிரியை மறுநாளே அந்தத் தாளோடு என்னை அழைத்தார். அந்த விடையைப் பேனாவால் தொட்டுக் காட்டினார்.

"கீயில இது இருக்காம்மா?"

விடைக்குறிப்பில் இல்லை என்றேன்.

"அப்ப எப்படிப் போட்ட?"

கீ தப்பு மேடம், இந்தப் பிள்ளை எழுதினதுதான் சரி என்றேன். ஒத்திகை பார்க்காத வாக்கியம் அது. தமிழிலேயே வந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. சோர்வாக நாற்காலியில் சாய்ந்தார். உன் சரியும் தப்பும் தாளாளரிடம் எடுபடாது, இந்தத் தாளை அவர் பார்த்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். மதிப்பெண்ணைக் குறைக்கச் சொன்னார். குறைக்க வேண்டுமானால் நீங்கள் குறைத்துக் கையெழுத்துப் போடுங்கள், என் பேனாவால் முடியாது என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, அந்தப் பெண்ணையும் அம்மாவையும் வரச் சொல்லி ஆள் அனுப்பினார். தாயார் தையல் கடையிலிருந்து அப்படியே வந்தார். முந்தானையில் நூல் ஒட்டியிருந்தது. மாற்றுச் சான்றிதழ் கொடுக்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, நாற்காலியில் உட்கார மறுத்து நின்றார்.

தலைமையாசிரியை தாளை ஜோசெஃபினிடம் நீட்டி, இதை யார் சொல்லிக் கொடுத்தது என்று தமிழில் கேட்டார். யாரும் இல்லை என்றாள். பிறகு எப்படித் தெரியும் என்றார்.

அவள் அம்மாவை ஒருமுறை பார்த்தாள். "பப்பா போன அன்னிக்கு ஏர்போர்ட்டு வரைக்கும் கார்ல பாடிக்கினே வந்தாரு மேடம். நானும் ஜாலியா இருக்காருன்னு நெனச்சேன்."

அவள் அம்மா முந்தானையில் இருந்த நூலை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தார். தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

பிறகு என் பக்கம் திரும்பி, தாய்க்கும் பெண்ணுக்கும் புரியக் கூடாதென்று வேகமான ஆங்கிலத்தில் பேசினார். தாளாளரிடம் இந்தப் பெண்ணுக்காகத் தானே பேசுவதாகவும், ஆனால் பத்தாவதில் இவள் தவறினால் நான் சான்றிதழைக் கேட்கும் பேச்சே இருக்கக் கூடாது என்றும், மூன்று வருடம் முடிந்தாலும் பள்ளி அனுமதிக்கிறபோதுதான் போக வேண்டும் என்றும் சொன்னார். சம்மதமா என்றார். யெஸ் மேடம் என்றேன். வேறு என்ன சொல்வது? எனக்கிருந்த ஒரே சாவியைக் கழற்றி அந்தப் பெண்ணின் கழுத்தில் மாட்டியது போல இருந்தது.

அடுத்த ஒரு வருடத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. தினமும் பள்ளி விட்டதும் அவளை உட்கார வைத்து, படகோட்டி உற்சாகமானவன் என்று எழுதப் பழக்கினேன். பத்தியைப் படிக்காதே, கேள்வியைப் படி என்றேன். "படிச்சா புரிஞ்சிடுது மிஸ், அப்பறம் எப்பிடித் தெரியாத மாதிரி எழுதறது?" என்பாள். அடுத்த பத்தியை எடுத்து முன்னால் வைப்பேன். ஒருவழியாக மாம்பழத்தை ராமனே தின்னும்படி செய்தோம். என் நன்மைக்காகத்தான் அவளை விரட்டுகிறேனோ என்று சில நாள் தோன்றும். அவள் ஒரு தேர்வில் சரிந்தால் பீரோவைத்தான் நினைப்பேன். அவள் பிள்ளையாக இருந்ததோடு, என் வாசற்கதவாகவும் ஆகிவிட்டாள். அது இருவருக்குமே நல்லதல்ல.

தேர்வு முடிவு வந்த அன்று பள்ளி வாசலில் அறிவிப்புப் பலகையின் முன் நல்ல கூட்டம். நான் போய் நிற்கவே பயந்து ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தேன். ஜோசெஃபின் தேடிக்கொண்டு வந்தாள். ஆங்கிலத்தில் நன்றாகவே தேறியிருந்தாள். வியர்த்த முகத்தோடு என் மேசை ஓரம் நின்று மெதுவாகக் கேட்டாள்.

"மிஸ், இப்ப நம்ம ரெண்டு பேரும் போலாம் இல்ல?"

அன்று அந்த அறையில் வேகமாகப் பேசப்பட்ட ஆங்கிலம் முழுவதும் அவளுக்குப் புரிந்திருக்கிறது. ஒரு வருடமாக அதை உள்ளேயே வைத்துக்கொண்டு, எனக்காகவும் சேர்த்து மாம்பழம் தின்றிருக்கிறாள். நான் அழுதேன். அவள் அழவில்லை, போலாம் என்று என் வாயால் சொல்லும் வரை நின்றாள்.

மூன்று வருடம் முடிந்ததும் தலைமையாசிரியையே பீரோவைத் திறந்து சான்றிதழ்களை எடுத்துக் கொடுத்தார். தாங்கள் எப்போது போவீர்கள் மேடம் என்று விளையாட்டாகக் கேட்டேன். "என்னோடதும் இதுலதான் இருக்கு. எனக்கு எடுத்துக் குடுக்க யாரு இருக்கா?" என்றார். அவர் ஓய்வு பெற்ற சில வருடங்களில் காலமானதாகக் கேள்விப்பட்டேன். ஜோசெஃபினும் அம்மாவும் வீடு மாறிப் போனார்கள். சென்னை என்றார் ஒருவர், பாரீஸ் என்றார் இன்னொருவர். நான் விசாரித்துப் பார்த்து விட்டுவிட்டேன்.

பள்ளியும் இல்லை. பிள்ளைகள் குறைந்து மூடிவிட்டார்கள். இப்போது அங்கே டைல்ஸ் கடை. போன வருடம் குளியலறைக்கு டைல்ஸ் பார்க்கப் போனேன். ஒன்பதாம் வகுப்பு இருந்த இடத்தில் வாஷ்பேசின்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கேள்வி கேட்ட இடத்தில் நின்று வழுக்காத டைல்ஸ் இருக்கிறதா என்று கேட்டபோது எனக்கே சிரிப்பு வந்தது. சாலைப் பக்கச் சுவரை இடித்துவிட்டு முழுக்கக் கண்ணாடி போட்டிருந்தார்கள். எங்கள் காலத்தில் அந்தப் பக்கம் ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருப்பார்கள், பிள்ளைகளின் கவனம் சிதறாமலிருக்க. கடைக்காரர் மாதிரிகளை எடுத்து வரப் போயிருந்தார். கண்ணாடி அருகே போய் நின்றேன். விழுப்புரம் பஸ் ஒன்று மிக அருகில் வந்து நின்று, இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போனது. சாலை இவ்வளவு கிட்டத்திலா இருந்தது?