ஓவர்டைமுக்குப் பதில் பிரியாணி

ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் கேன்டீனை எடுத்து நடத்தும் காண்ட்ராக்டரிடம் நான் சூப்பர்வைசர். மதியச் சாப்பாடு முடிந்து ஷிப்ட் விட்டதும், பரிமாறும் பெண்கள் போய் கார்டு தேய்த்து 'அவுட்' போட்டுவிட்டு வருவார்கள். அதன் பிறகுதான் பாத்திரம் கழுவுவது. அந்த நேரம் எந்தக் கணக்கிலும் வராது. நான் வேலைக்குச் சேரும் முன்பே இருந்த வழக்கம் இது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அதன்மேல் பிரியாணியைத் தூவியவன் நான்.

எல்லோரும் தினக்கூலிகள். ஓ.டி. என்று வாயெடுத்தால் மறுநாள் வேலை இருக்காது. ஆனாலும் முணுமுணுப்பு காதில் விழுந்துகொண்டே இருந்தது. புதன்கிழமைதோறும் கேன்டீனில் பிரியாணி. மிஞ்சுவதை டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள் என்றேன். முணுமுணுப்பு அடங்கியது. அடுத்தவர் அரிசியில் வள்ளல் வேஷம் கட்டுவது எவ்வளவு சுகம் என்பது எனக்குத் தெரியும்.

மணிமங்கலத்திலிருந்து ஓர் அக்கா வருவார். "புதன்கெழமை எங்க வூட்ல அடுப்பே பத்த வைக்கிறதில்ல சார். புள்ளைங்க வாசல்லயே நின்னுகினு கீதுங்க" என்று சிரிப்பார். நானும் வெட்கமில்லாமல் சேர்ந்து சிரிப்பேன்.

சீட்டு இல்லாமல் எந்தப் பொருளும் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது கம்பெனி விதி. செக்யூரிட்டிக்காரர்களுக்கும் ஒரு தட்டு போய்விடுவதால் யாரும் கண்டுகொள்வதில்லை. செக்யூரிட்டிக்குப் புதிதாக ஓர் அதிகாரி வந்தார். வந்த வாரமே அந்த அக்காவின் பையைத் திறந்து பார்த்தார். எவர்சில்வர் டப்பா நிறையப் பிரியாணி. என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"யார் குடுத்தது?"

நான் கொடுத்தேன் என்றால் எதற்கு என்பார். எதற்கென்று சொன்னால், 'அவுட்' போட்டவர்களுக்கு உள்ளே என்ன வேலை என்பார். காண்ட்ராக்ட் போகும், அதற்கு முன்னால் நான் போவேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் வேலை தப்பும். என் வாயில் கொழுக்கட்டை.

"நான்தான் எடுத்தேன். சாருக்குத் தெரியாது" என்றார் அக்கா.

சும்மா நின்றிருந்தாலாவது பரவாயில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். டப்பாவைப் பிடித்து வைத்துக்கொண்டு அவரை வெளியே அனுப்பினார்கள். அதோடு அவர் வேலை போயிற்று. மற்றவர்களின் பார்சலும் நின்றது.

சில நாள் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. திட்டப் போகிறார் என்று பயந்துகொண்டே எடுத்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"சார், அந்த டப்பா கேட்லியே மாட்டிக்கிச்சு. எம்பொண்ணு இஸ்கூல்ல ஓட்டப்பந்தயத்துல கெலிச்ச டப்பா அது. தெனம் கேட்டுகினு கீது. அத்த மட்டும் வாங்கிக் குடுங்க சார்."

இந்தத் தடவை உண்மையைச் சொல்லிவிடுவது என்று கேட் வரைக்கும் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். காவலாளி அலமாரியைத் துழாவி டப்பாவை எடுத்தார். யாரும் கழுவியிருக்கவில்லை. மூடியிருந்தும் நாறியது.

"அந்தத் திருட்டு கேஸோடதுதான சார் இது?"

"ஆமா" என்றேன். கொடுத்துவிட்டார்.

கேன்டீன் பின்பக்கத் தொட்டியில் வைத்து நானே தேய்க்க ஆரம்பித்தேன். பக்கத்தில் பெண்கள் 'அவுட்' போட்டுவிட்டு வந்து அண்டா கழுவிக்கொண்டிருந்தார்கள். டப்பா யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அவர்களில் ஒருவர் ஈரக் கையை நீட்டினார்.

"குடுங்க சார். இதோட சேத்து அத்தயும் நாங்களே கழுவிடறோம்."

கொடுத்துவிட்டேன்.